கால்வாயின் அகலம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது விமலாவின் அப்பா உன்னிடம் ஒன்று கேட்டார். அம்மா இத்தனை வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர், மாப்பிள்ளைக்கும் கணக்கு நன்றாக வருமே என்றார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். நீ சிரித்துக்கொண்டே, "எனக்கும் கணக்குக்கும் ரொம்ப தூரம் அங்கிள். ரெண்டாம் படிவத்துல ஒரு கால்வாயத் தப்பா அளந்து, ஒரு பொண்ணு கையையே ஒடச்சவன் நான்," என்றாய். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். விமலாவும் சிரித்தாள். நான் அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்து அங்கேயும் ஊற்றினேன். ஆனால் நீ அதைச் சொன்ன விதத்தில் ஒரு விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. பதினான்கு வருடமாக நான் தவறாகப் புரிந்துவைத்திருந்த விஷயம். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன் அறை வாசல்வரை வந்தேன். "என்னம்மா" என்று கேட்டாய். சட்டை இஸ்திரி போடணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். பொறுத்துக்கொள்.

அந்த வருடம் நீ பதினான்கு வயதில் இரண்டாம் படிவத்தின் கடைசி வகுப்பில் இருந்தாய். எங்கள் பள்ளியில் பிள்ளைகளை மார்க் பார்த்து வரிசையாகப் பிரித்துவிடுவார்கள். கணக்கு டீச்சரின் மகன் கடைசி வகுப்பில். ஆசிரியர் அறையில் யாரும் என் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலிருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வகுப்புக்குக் கணக்கு எடுக்க யாரும் முன்வராததால் நான் எடுத்துக்கொண்டேன். மகனுக்காக எடுத்தேன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் உன்மேல் எனக்கு அப்போது இருந்தது கோபம்தான். வகுப்பில் நீ என்னை மற்ற பிள்ளைகள்போல 'டீச்சர்' என்பாய். சில நாள் வீட்டிலும் வாய் தவறி 'டீச்சர்' என்றுவிடுவாய். நான் திருத்தியதில்லை.

நாற்பது பிள்ளைகள். மலாய், சீனர், நம்மவர் எல்லாரும் கலந்த வகுப்பு. பாடம் மலாயில் நடக்கும். பின்வரிசைச் சீனப் பிள்ளைகளுக்கு அது பாதி புரியும், பாதி புரியாது. நம் பிள்ளைகள் புரிந்தமாதிரி தலையாட்டுவார்கள். சராசரி, விகிதம், சாய்வு என்று நான் கரும்பலகையில் எழுதுவதை வரி தவறாமல் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் ஒன்றும் வராது. அந்தப் பள்ளி விடுமுறையில் ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடந்தது. அங்கே பாடம் எடுத்தவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பிள்ளைகளுக்கு எதையாவது கட்டக் கொடுங்கள்; என்ஜினியர் செய்கிற வேலையை அவர்கள் அளவில் செய்யட்டும்; கணக்கு ஏன் வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது, ஒவ்வொரு இனத்துப் பிள்ளையின் வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் மிகவும் பிடித்தது. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: மலாய்க்காரர், படகு. சீனர், மணிச்சட்டம். தமிழர், கோலம். நாற்பது பிள்ளைகளுக்கு மூன்றே வரி. என் கையெழுத்து அழகாக இருந்தது.

பள்ளி திறந்ததும் அஸ்மானை எழுப்பி, உங்கள் கம்பத்துக் கிராமத்தில் படகு எப்படிக் கட்டுவார்கள், வகுப்புக்குச் சொல் என்றேன். அவன் அப்பா பேங்கில் கிளார்க். அவன் கடலில் காலை நனைத்ததோடு சரி. சங்கடமாகச் சிரித்துக்கொண்டு நின்றான். ஆ செங்கிடம் மணிச்சட்டத்தைக் கொடுத்தேன். அவன் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கடையில் கால்குலேட்டர் இருந்தது. அவன் மணிகளை ஒரு பக்கம் தள்ளினான், மறுபக்கம் தள்ளினான், மேசைமேல் வைத்துவிட்டான். அப்புறம் பிரிசில்லா. உனக்கு அவளை நன்றாக நினைவிருக்கும். கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண். இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு இருப்பாள். நீ கோலத்தை வைத்து எல்லாருக்கும் சமச்சீர் விளக்கப்போகிறாய் என்றேன். "எங்க வீட்டுல கோலம் போட மாட்டோம் டீச்சர். நாங்க வேதக்காரங்க," என்றாள். அவள் பெயரே பிரிசில்லா. தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத்தான் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, பார்த்திருப்பாயே, வரைந்துகொண்டு வா என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அத்தையின் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வாசலில் இருந்த கோலத்தைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தாள். இரண்டு புள்ளி விட்டுப்போயிருந்தது.

அந்தப் பாடம் அதோடு போயிருக்கும். ஆனால் அந்த வாரம் பெரிய மழை. பள்ளிக்கும் திடலுக்கும் நடுவில் ஓடும் கால்வாய்க்குமேல் ஒரு சிமெண்டுப் பலகை கிடந்ததே, அது உடைந்து விழுந்தது. திடலுக்குப் போகிற பிள்ளைகள் தாவிக் குதித்துப் போனார்கள். பெண்பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போனார்கள். பள்ளி மூன்றாவது மாடியில் நின்றால் அப்போது கடலில் பெரிய பாலத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருப்பது தெரியும். பாடத்தின் நடுவில் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்ப்பார்கள். நான் ஒருநாள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கால்வாய்க்கு ஒரு நடைபாலம் நாமே கட்டுவோமா என்று கேட்டேன். ஆ செங் அதுவரை என்னிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை. எழுந்து, "நிஜப் பாலமா, அட்டைப் பாலமா?" என்று மலாயில் கேட்டான்.

முதலில் அளக்க வேண்டும். டேப்பை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தபோது நீ கை நீட்டினாய். உன்னிடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மகன் என்பதால் கொடுத்தாள் என்பார்கள் என்று ஒரு பயம், நீ தப்பாக அளப்பாய் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயத்தைத்தான் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். பிரிசில்லா கோல நோட்டை மூடிவிட்டு, நானும் அளக்க வரட்டுமா என்று கேட்டாள். ஒருத்தர் அந்தக் கரையில் நிற்க வேண்டுமே என்று அனுப்பினேன். நீங்கள் இரண்டு பேரும் கால்வாயை ஒரு முறை அளக்கவில்லை. மூன்று இடத்தில், இடத்துக்கு மூன்று முறை அளந்தீர்கள். டேப்பு தொய்ந்தால் அளவு கூடும் என்று நீயே கண்டுபிடித்து, அக்கரையில் இருந்தவளை இழுத்துப் பிடிக்கச் சொன்னாய். இரண்டு மீட்டர் நாற்பது. அந்த எண்ணைக் கரும்பலகையில் நீதான் எழுதினாய். எழுதிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு களையை அதற்குமுன் நான் வகுப்பில் பார்த்ததில்லை. நான் சரி, உட்கார் என்றேன்.

அதற்குப் பிறகு நான்கு வாரம். என் முப்பது வருட உத்தியோகத்தில் நான் டீச்சராக இருந்தது அந்த நான்கு வாரம்தான். மரக்கடையிலிருந்து கழிவுக் கட்டைகள் வாங்கி வந்து ஒரே நீளமாக அறுத்தோம். இரண்டு மேசைக்கு நடுவில் வைத்து, மணல் நிரப்பிய பால் டின்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். எத்தனை டின்னில் கட்டை முறிகிறது, தடிமன் கூடினால் எத்தனை, அகலம் கூடினால் எத்தனை. அஸ்மான் எழுதுவான், ஆ செங் டின் தொங்கவிடுவான். சராசரி எடுக்கச் சொல்லி நான் ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரே மாதிரிக் கட்டை வேறு வேறு எடையில் முறிகிறதே, எதை எழுதுவது என்று சண்டை போட்டு அவர்களே சராசரிக்கு வந்தார்கள். மலாயும் தமிழும் சீனப் பிள்ளைகளின் ஹொக்கியனும் ஒன்றாகக் கேட்டன. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து சத்தம் தாங்கவில்லை என்று முறையிட்டார். நீ வீட்டில் சாப்பிடும்போதுகூட தட்டுக்கு மேல் கரண்டியைக் குறுக்கே வைத்து விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

கடைசியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரிப் பாலம் செய்தோம். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் நீளம். அது ஆறு கிலோ தாங்கியது. அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் விடவில்லை, நானே கரும்பலகையில் போட்டேன். நீளம் ஐந்து மடங்கு, அகலம் ஐந்து மடங்கு, தடிமன் ஐந்து மடங்கு. ஐந்து பெருக்கல் ஐந்து பெருக்கல் ஐந்து, நூற்றிருபத்தைந்து. ஆகவே நிஜப் பாலம் எழுநூற்று ஐம்பது கிலோ தாங்கும். பதினெட்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் நிற்கலாம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்று மாலை மாதிரிப் பாலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். உன் அப்பா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர் வேலை முடிந்து வந்தவர், அதைக் கையில் எடுத்துப் பெருவிரலால் நடுவில் அமுக்கிப் பார்த்தார். "சின்னது தாங்கும். பெருசு இதே கணக்குல தாங்காது. அடியில இன்னொரு கட்டை கொடு," என்றார். ஏன் என்று கேட்டேன். அவருக்கு அதைச் சொல்லில் சொல்ல வரவில்லை. நீளமாக நீளமாகத் தானே தொய்யும் என்பதுபோல் ஏதோ சொன்னார். "இது கணக்குங்க. உங்க பட்டறை வேலை இல்ல," என்றேன். அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். அதை நான் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. நீ அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாய். அப்பா பாலத்தைக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

இன்னொருத்தியும் சொன்னாள். பலகைகளை ஆணியடித்துக்கொண்டிருந்த நாளில் பிரிசில்லா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவர்கள் தோட்டத்தில் வாய்க்காலைப் பாரிட் என்பார்கள். பாரிட்டுக்குமேல் ஒற்றைப் பலகை போட்டுத்தான் குலை வெட்டுகிறவர்கள் கடப்பார்கள். "ரெண்டு பேர் சேந்து ஏறுனா எங்க அப்பா திட்டுவாங்க டீச்சர். ஒருத்தர் எறங்குன பெறகுதான் இன்னொருத்தர்," என்றாள். பிள்ளைகள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்லித்தானே எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவள் வீட்டுக் கணக்கைத்தான் அவள் கொண்டுவந்து என்முன் வைத்தாள். எனக்குக் கேட்கவில்லை. கோலத்தை முடித்துவிட்டாயா என்று கேட்டேன்.

திறப்பு நாளன்று தலைமையாசிரியர் வந்தார், சில ஆசிரியர்கள் வந்தார்கள், பூகோள ஆசிரியர் கேமரா கொண்டுவந்தார். மூன்று பேர் மட்டும் பாலத்தில் நின்று படம் எடுப்பதாகத்தான் ஏற்பாடு. பார்த்தால் மூன்று பேரும் மலாய்ப் பிள்ளைகளாக இருந்தார்கள். எல்லா இனமும் படத்தில் தெரிய வேண்டுமே என்று நான்தான் ஆள் பொறுக்கி நிறுத்தினேன். இரண்டு சீனர், மூன்று தமிழர். எட்டு பேர். உன்னைக் கூப்பிடவில்லை. மகனைப் படத்தில் நிறுத்தினாள் என்ற பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிரிசில்லா தயங்கினாள். "போ, நடுவுல நில்லு," என்றேன். கேமராக்காரர் எல்லாரையும் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத் துணியைக் கிழித்தமாதிரி ஒரு சத்தம். நாலடி ஆழம், கணுக்கால் தண்ணீர். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. நடுவில் நின்ற பிரிசில்லாவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்துவிட்டது. அவள் அழவில்லை. கையை இடது கையால் தாங்கிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டுப் போடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீளமான குச்சியும் குட்டைக் குச்சியும் இருந்தால் எது சீக்கிரம் முறியும் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். நீளம் கூடினால் பலம் குறையும். நான் அதையும் பலத்தோடு சேர்த்துப் பெருக்கியிருந்தேன். பேனா எடுத்து மருந்துச் சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். அகலத்துக்கு ஒரு ஐந்து, தடிமனுக்கு இரண்டு முறை ஐந்து, நீளத்துக்கு ஐந்தால் வகுக்க வேண்டும்; நூற்றிருபத்தைந்து இல்லை, இருபத்தைந்து மடங்கு. நூற்றைம்பது கிலோ. நான்கு பிள்ளைகள் நிற்பதே கஷ்டம். பிறகு ஒரு புத்தகத்திலும் சரிபார்த்தேன். சாயங்காலம் அவள் அப்பா வந்தார். வேலைப் பூட்ஸோடு தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எழுதுற கையா டீச்சர்?"

மறுநாள் தலைமையாசிரியர் அறையில் நீயும் நானும் நின்றோம். அவர் கல்வி இலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அளந்தது தப்பா, கணக்குப் போட்டது தப்பா என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு விடை தெரியும். மருந்துச் சீட்டு என் கைப்பையில் இருந்தது. பையைத் திறக்கவில்லை. நீ என்னை அண்ணாந்து பார்த்தாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நான்தான் அளந்தேன் சார். தப்பா அளந்திருப்பேன்," என்றாய். அவர் எழுதினார். மாணவரின் அளவுப் பிழை. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என்னை வெளியே இருக்கச் சொன்னார். நடைகூடத்தில் நின்றேன். ரோத்தான் பிரம்பு மூன்று முறை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவர் கொஞ்சம் நேரம் விட்டார். நீ வெளியே வந்து உள்ளங்கையை மூடிக்கொண்டு என்னைக் கடந்து வகுப்புக்குப் போனாய்.

பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் இருக்கும் இடமே தெரியாது. தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னம்போல இருக்கும். அந்த நடைகூடத்தில் எனக்கு அப்படி ஆனது. மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுத்தேன். வட்டத்தின் சுற்றளவு. எல்லாம் சரியாக வந்தது. கன்னத்து மரப்பு இரண்டு மணி நேரத்தில் போய்விடும். இது போகவில்லை.

அன்று மாலை அப்பா வேலை முடிந்து பள்ளிக்குப் போயிருக்கிறார். காவலாளியிடம் கேட்டு உள்ளே போய், பட்டறை டேப்பால் கால்வாயை அளந்துவிட்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். "பையன் அளவு சரி. ரெண்டு நாப்பது," என்றார். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவர் அங்கேயே நின்றார். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்ததும், "நீதான் அவன்கிட்ட சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டான்," என்றார். ஏன் நம்ப மாட்டாய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டில் கணக்கு யாருடையது, பட்டறை யாருடையது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் உன் ரிப்போர்ட் கார்டு வந்ததும், கணக்குக்கு நேரே உள்ள மார்க்கைப் பார்த்துவிட்டு, கார்டை என்னிடம் நீட்டி, ஒரு நிமிடம் நிற்பார்.

பலகைகளை எடுத்துவிட்டு சிமெண்டுப் பலகை போட்டார்கள். இனிமேல் புத்தகம் போதும் என்று தலைமையாசிரியர் சொன்னார். போதும் என்று எனக்கும் தோன்றியது. பழைய பரீட்சைக் கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்தேன். தேர்ச்சி கூடியது, எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அஸ்மானும் ஆ செங்கும் பழையபடி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். பிரிசில்லா கட்டுப் பிரித்து வந்தபோது கை முழுசாக நீளவில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டாள். நீ ஐந்தாம் படிவத்தில் கணக்கில் தோற்றாய். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தாய். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. அங்கே ஸ்டோர் பொறுப்புக்கு உன்னை உயர்த்தக் கேட்டபோது, எண்ணுகிற வேலை எனக்குச் சரிவராது என்று நீ மறுத்ததை அப்பா என்னிடம் சொன்னார். அப்போதும் கொஞ்ச நேரம் நின்றார். போன வருடம் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை என்று உன் சித்தி சொல்லிக் காட்டினாள். அழக் கூடாது என்று நான் வைராக்கியமாக இருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் காரியம் முடிந்த சில மாதத்தில் பட்டர்வொர்த் போகிற ஃபெரியில் பிரிசில்லாவைப் பார்த்தேன். அவள்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன், மெஷின் கோளாறு பார்க்கிற வேலை. வேலை செய்துகொண்டே படித்தேன் என்றாள். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். ஹோட்டலில் என்றேன். "அளக்குற வேலைக்குப் போவான்னு நெனச்சேன்," என்றாள். எனக்குச் சொல்ல வாய்ப்பு அதுதான் என்று தெரிந்தது. அந்த அளவு சரிதான் பிரிசில்லா, என் கணக்குத்தான் தப்பு என்றேன். யாரிடமும் சொல்லாததை முதன்முதலாகச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் டீச்சர். டேப்போட அந்தப் பக்கத்த நான்தானே பிடிச்சிருந்தேன். ஒம்பது தடவ அளந்தோம்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் நீளாத கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஃபெரி கரையில் முட்டி நின்றது. பார்த்து இறங்குங்க டீச்சர் என்று என் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அப்போதும் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேனா என்றால், இல்லை. எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது. நீ எனக்காகத்தான் பழியை ஏற்றாய், அம்மாவைக் காப்பாற்றத் தெரிந்தே ஒரு பொய் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் உண்மை உனக்குத் தெரியும். தெரிந்தவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடம் இந்த எண்ணத்தில்தான் உனக்குச் சோறு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான் தலைமையாசிரியர் அறையில் அன்று நீ சொன்ன வார்த்தை எனக்குச் சரியாகக் கேட்டது. தப்பா அளந்தேன் என்று நீ சொல்லவில்லை. 'தப்பா அளந்திருப்பேன்' என்றாய். அம்மா கணக்கு டீச்சர், அம்மா போட்ட கணக்கு தப்பாக இருக்காது, அப்படியானால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். பதினான்கு வயதில் நீ போட்ட கணக்கு அது. ஒன்பது முறை அளந்த கையை நம்பாமல் என்னை நம்பினாய். நீ பொய் சொல்லவே இல்லை. அந்த அறையில் பொய் சொன்னது நான் ஒருத்திதான், அதுவும் வாயைத் திறக்காமல்.

உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. இருந்தாலும் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் இந்த ஒரு கதையிலிருந்து வந்ததுதான். விமலா ஒன்றைச் சொல்லும்போது, அவள் எங்கிருந்து வந்தவள் என்பதை வைத்து, இவளுக்கு இதுதான் தெரியும் என்று நீ முன்கூட்டியே முடிவு செய்யாதே. அவள் சொல்வது உன் கணக்குக்குள் வராததாக இருக்கும். அப்போதும் கேள். காரணம் சொல்லத் தெரியாதவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால், அப்பாவுக்குக் கணக்கு வராது, உனக்கும் வராது என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே. அது உண்மை இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வெங்காயம் அரியாதே. நாளை வரும், சொல்ல வராது.

இன்று காலை விமலாவின் அப்பா வீட்டுக்கு பஸ் பிடித்துப் போனேன். சம்பந்தியம்மா காப்பி கலந்தார். நான் கல்யாணப் பேச்சுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துத் தங்கள் பெரிய மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். என் மகன் கால்வாயைச் சரியாக அளந்தான், கணக்கைத் தப்பாகப் போட்டது நான், அடி வாங்கியது அவன் என்றேன். அவருக்கு முதலில் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. புரிந்ததும், "இதெல்லாம் சின்ன விஷயம்லா டீச்சர். இதுக்கா வெயில்ல இவ்ளோ தூரம் வந்தீங்க," என்று சிரித்தார். மண்டபத்துச் சமையல்காரர் பற்றிப் பேச்சு மாறியது. நானும் பேசினேன். திரும்பி வந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்தால் அழுகை வரும் என்று ஒரு எண்ணம் இருந்தது. வரவில்லை. வந்தால்தான் எழுதுவேன் என்று காத்திருந்திருந்தால் இதுவும் எழுதப்பட்டிருக்காது.

இதை நீ விமலாவிடம் காட்டலாம். வேண்டுமென்றால் பிரிசில்லாவுக்குப் பத்திரிகை வை, அவள் அத்தை இன்னும் அதே அடுக்குமாடியில்தான் இருக்கிறாள். என்மேல் கோபப்பட்டால் படு. கல்யாணத்தில் என்னோடு பேசாமல் இருந்தாலும் நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். எதைச் சொன்னாலும், யார் என்ன செய்தாலும், "பரவால்லம்மா" என்கிற பிள்ளை நீ. இதற்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே.

அம்மா